அம்மா செஞ்ச தப்பு என்ன? ஒரு மணிக்கட்டு முறிவும் எலும்பு மெலிவின் வரலாறும்

போன வாரம் எபிசோட் ஏன் வரலைன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. காரணம் இந்த எபிசோட்லயே இருக்கு.

கோட்டூர்புரத்துல எங்க தெருமுனைக் காய்கறிக் கடை வாசல், ஈரத்தரை. அம்மாவுக்குக் கால் வழுக்குச்சு. பெரிய விபத்தெல்லாம் இல்ல. நின்ன இடத்துலயே சரிஞ்சு, இடது கையைத் தரையில ஊன்றினாங்க. மணிக்கட்டு முறிஞ்சிடுச்சு. மாவுக்கட்டு போட்ட டாக்டர், "இந்த அளவு விழுந்ததுக்கு எலும்பு உடையக் கூடாதே"ன்னு சொல்லி ஒரு டெக்ஸா ஸ்கேன் எழுதிக் கொடுத்தாரு. ரிசல்ட்ல முதுகெலும்புக்கு டி-ஸ்கோர் மைனஸ் 2.9. கீழே ஒரே ஒரு வார்த்தை: ஆஸ்டியோபோரோசிஸ். எலும்பு மெலிவு.

அம்மாவுக்கு 56 வயசு. காலையில அஞ்சரை மணிக்கு மரப்பூங்கா பக்கம் நடக்கப் போனா, ஆறரைக்குத்தான் திரும்பி வருவாங்க. பத்து வருஷமா இதுதான். வாரம் மூணு நாள் யோகா. வீட்டுல எண்ணெய் அளந்து ஊத்துற ஒரே ஆள். நாப்பத்தெட்டு வயசுல எட்டு கிலோ குறைச்சு, அதைச் சொந்தக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் சொல்லிக் காட்டினவங்க. அந்த ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஆட்டோல கேட்டாங்க: "நான் என்னடி தப்பு பண்ணேன்?"

நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஒரு எரர் மெசேஜ் வந்தா முதல்ல அது எந்த ஃபைல், எந்த வரியில இருந்து வருதுன்னுதான் பார்ப்பேன். இங்கேயும் அதைத்தான் செஞ்சேன். மைனஸ் 2.5-க்குக் கீழே போனா நோய்ன்னு யார், எப்போ, எதை வெச்சு எழுதினாங்க? அதோட, அம்மா "தப்பு"ன்னு சொல்றாங்களே, அந்த எண்ணம் எங்கிருந்து வருது?

முதல்ல ஒரு சின்ன வார்த்தைக் குழப்பம். நம்ம ஊர்ல "எலும்புத் தேய்மானம்"னு எல்லாத்துக்கும் சொல்லிடுவோம். மூட்டு தேயறது வேற. இது எலும்பு உள்ளே துளை துளையா மெலியறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில ஸ்ட்ராஸ்பூர் நகரத்து மருத்துவர் ஜான் லோப்ஸ்டைன் வெச்ச பேருக்கே அதுதான் அர்த்தம், துளை விழுந்த எலும்பு. ஆனா அவர் பேர் வெச்சும் ரொம்ப காலத்துக்கு இதை ஒரு நோயா யாரும் பெரிசா எடுத்துக்கல. வயசானா அப்படித்தான்னு விட்டுட்டாங்க.

நாமளும் அப்படித்தான். திண்டிவனத்துல இருந்த எங்க ஆயாவை எனக்கு நிமிர்ந்து பார்த்த ஞாபகமே இல்ல. கூன் விழுந்த கிழவிங்கிறது நமக்கு ஒரு நோயாளி கிடையாது, ஒரு கதாபாத்திரம். ஔவையார்னு சொன்னதும் மனசுல வர்ற படம் என்ன? கையில கோல், வளைஞ்ச முதுகு. அந்த வளைவு பல பேருக்கு முதுகெலும்புக் கட்டைகள் ஒண்ணு ஒண்ணா நசுங்கி வர்றது. ஒவ்வொண்ணும் ஒரு முறிவு. சத்தமில்லாம நடக்கறதால முறிவுன்னே தெரியாது. முதுகுவலின்னு தைலம் தேய்ச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிருப்பாங்க.

இதுக்கு ஒரு காரணத்தைச் சுட்டிக் காட்டினவர், பாஸ்டன் நகரத்து ஃபுல்லர் ஆல்பிரைட். 1941-ல அவரும் கூட இருந்தவங்களும் எழுதின கட்டுரையில, 65 வயசுக்குக் கீழே இருந்த 42 நோயாளிகள்ல 40 பேர் மாதவிடாய் நின்ன பெண்கள். அப்போ இது வெறும் வயசு இல்ல, ஈஸ்ட்ரோஜன் குறையறதோட சம்பந்தப்பட்டதுன்னு அவர் சொன்னாரு. நம்ம எலும்பு எப்பவும் உடைச்சு கட்டப்பட்டுக்கிட்டே இருக்கு, வருஷத்துக்கு ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு. ஒரு வகை செல் பழசை அரிச்சு எடுக்கும், இன்னொரு வகை புதுசைக் கட்டும். அரிக்கிற கூட்டத்தை ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் அடக்கி வெச்சிருக்கும். அது போனதும் இடிக்கிற வேகம் கட்டுற வேகத்தை மிஞ்சிடும். மேற்கு நாடுகள்ல மாதவிடாய் சராசரியா 51 வயசு வாக்குல நிக்குது. இந்தியாவுல 46, 47. எங்க அம்மாவுக்கு 44. நடைப்பயிற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இடிக்கிற வேலை தொடங்கிடுச்சு.

சரி, அந்த மைனஸ் 2.5-க்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச, கொஞ்சம் கோபமும் வந்த பகுதி இது.

எலும்பை எக்ஸ்ரே வெச்சு துல்லியமா அளக்கிற டெக்ஸா மெஷின் 1980-களின் கடைசியிலதான் சந்தைக்கு வந்துச்சு. மெஷின் வந்ததும் கேள்வி வந்துச்சு, எவ்வளவு குறைஞ்சா நோய்? உலக சுகாதார நிறுவனம் ஒரு நிபுணர் குழு போட்டுச்சு. 1994-ல அறிக்கை வந்துச்சு. இளம் வயசுப் பெண்களோட சராசரியை எடுத்துக்கோ, அதுல இருந்து எத்தனை திட்ட விலக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், கீழே இருக்கேன்னு பார். 2.5 அல்லது அதுக்கும் கீழேன்னா ஆஸ்டியோபோரோசிஸ். 1-க்கும் 2.5-க்கும் நடுவுல இருந்தா ஆஸ்டியோபீனியா. "இளம் பெண்கள்"னா யாரு? வெள்ளையினப் பெண்கள். அந்தக் கோட்டை வெச்சா, மாதவிடாய் நின்ன வெள்ளையினப் பெண்கள்ல ஏறக்குறைய 30 சதவீதம் பேர் உள்ளே வருவாங்க, அது அவங்க வாழ்நாள்ல எலும்பு முறியற வாய்ப்போட ஒத்துப்போகுதுங்கிறது ஒரு காரணம். மக்கள்தொகையை அளக்கப் போட்ட கோடு. அது மெதுவா ஒவ்வொரு ஆளோட ரிப்போர்ட்லயும் வந்து உக்காந்துடுச்சு.

இன்ஜினியரிங்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் அரியர் வெச்சவங்க கூட இதைக் கவனிங்க. இயல்பான பரவல்ல, சராசரிக்கு ஒரு விலக்கம் கீழே 16 சதவீதம் பேர் எப்பவும் இருப்பாங்க. அதாவது இருபத்தஞ்சு வயசுல நல்லா இருக்கிற பெண்கள்லயே ஆறுல ஒருத்தர் அந்த மைனஸ் ஒண்ணுக்குக் கீழேதான் பிறந்த கணக்கு.

இன்னொரு விஷயம், யூனிட். டெக்ஸா அளக்கறது கனசதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம்ங்கிற நிஜ அடர்த்தி இல்ல. அது ஒரு நிழல்படம். சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம்னுதான் சொல்லும். ஒரே பொருள்ல, கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் எடையில, ரெண்டு கட்டி செய்யுங்க. ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் பக்கம், இன்னொண்ணு மூணு. எடை 8 கிராம், 27 கிராம். நிழலோட பரப்பு 4, 9. வகுத்துப் பாருங்க: 2, 3. பொருள் ஒண்ணுதான், சின்னக் கட்டி மட்டும் "மெலிவா" தெரியுது. எங்க அம்மா 150 சென்டிமீட்டர் உயரம். சின்ன எலும்பு உள்ள உடம்புக்கு இந்த அளவுகோல் கொஞ்சம் கடுமையாத்தான் மார்க் போடும்.

அப்போ ரிப்போர்ட்டே பொய்யான்னு அம்மா உடனே கேட்டாங்க. அவங்க கண்ணுல ஒரு நம்பிக்கை. இல்லம்மா. நின்ன இடத்துல விழுந்து மணிக்கட்டு உடைஞ்சிருக்கு, அது எந்த மெஷினும் சொல்ல வேண்டிய அவசியமில்லாத ஆதாரம். எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், உடைஞ்ச எலும்பு உடைஞ்சதுதான்.

இந்த மெஷின் பார்க்காத ஒண்ணும் இருக்கு. அந்தக் கதைக்கு எங்க வீட்டுல இருந்து நடந்தே போயிடலாம்.

அண்ணா நூற்றாண்டு நூலகத்துல படிக்கப் போறவங்களுக்கு காந்தி மண்டபம் சாலை தெரியும். கோளரங்கத்தைத் தாண்டி நேரா போனா சர்தார் பட்டேல் சாலை. அந்தப் பக்கம்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தோட கிண்டி வளாகம். 1952-ல அங்கே இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க வந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்துல பிறந்தவர், சி.வி. ராமனோட மாணவர். சென்னைக்கு வரும்போது முப்பது வயசு, என்னைவிட ரெண்டு வயசுதான் கூட. அவரைக் கூப்பிட்ட துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், தொழில்ல பேறுகால மருத்துவர்.

ராமச்சந்திரன் எடுத்துக்கிட்ட கேள்வி கொலாஜன். தோல், தசைநார், எலும்பு எல்லாத்துக்கும் அடிப்படையான புரதம். கங்காரு வால் தசைநார் மேல எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த படங்களை வெச்சு அவரும் கோபிநாத் கார்த்தாவும் 1954-ல 'நேச்சர்' இதழ்ல ஒரு மாதிரியை வெளியிட்டாங்க. மூணு இழை. அடுத்த வருஷம் அந்த மூணும் ஒண்ணை ஒண்ணு சுத்தி முறுக்கிக்கிட்ட வடிவம்னு திருத்தினாங்க. அம்மா பின்னுற மூணுகால் ஜடை மாதிரின்னு வெச்சுக்கலாம். ஜடை இவ்வளவு இறுக்கமா வரணும்னா ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் ரொம்பச் சின்ன கிளைசின் மட்டும்தான் உக்கார முடியும். டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இந்த மாதிரியில அணுக்கள் ரொம்ப நெருங்கி இடிக்குதுன்னு சண்டைக்கு வந்தாங்க. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்னு உக்காந்து கணக்கு போட்டதுல இருந்து பிறந்ததுதான் 1963-ல வந்த ராமச்சந்திரன் வரைபடம். உலகத்துல எந்தப் புரதத்தோட அமைப்பைக் கண்டுபிடிச்சாலும் இன்னிக்கும் அந்த வரைபடத்துல வெச்சுத்தான் சரிபார்க்கிறாங்க. தோல்னாலே கொலாஜன்தானே, பக்கத்துல இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தன்னோட அரங்கத்துக்கே 'ட்ரிபிள் ஹீலிக்ஸ்'னு பேர் வெச்சிருக்கு. அந்த வழியா ஆயிரம் தடவை பஸ்ல போயிருக்கேன். அது ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் பேர்னு நெனச்சிருக்கேன்.

எலும்புங்கிறது கான்கிரீட் மாதிரி. கொலாஜன்தான் உள்ளே போற கம்பி, கால்சியம் உப்பு சிமெண்ட். வளைவைத் தாங்கறது கம்பி. டெக்ஸா எண்ணிப் பார்க்கறது சிமெண்டை மட்டும். கம்பி எப்படி இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதனாலதான் ஒரே ஸ்கோர் இருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு உடையும், இன்னொருத்தருக்கு உடையாது. அந்தக் கம்பியோட தரமும், மொத்தத்துல எலும்பு எவ்வளவு சேரும்ங்கிறதும் பெரும்பாலும் பிறப்பிலேயே வர்றது. இளமையில எட்டுற உச்ச எலும்பு அளவுல ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துக்கு 60-லிருந்து 80 சதவீதம் மரபணுதான் காரணம்னு இரட்டையர்களை வெச்சு செஞ்ச ஆய்வுகள் சொல்லுது.

இந்த இடத்துல எங்க வீட்டுல நடந்த ஒரு காட்சி. 2008-ல ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் ஃபிராக்ஸ்னு ஒரு கணக்குக் கருவி வெளியிட்டுச்சு. ஸ்கோரை மட்டும் நம்பாம, அடுத்த பத்து வருஷத்துல உடையற வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்லும். இந்தியாவுக்குன்னு தனிக் கணக்கும் அதுல இருக்கு. அம்மாவை உக்கார வெச்சு நிரப்பினேன். வயசு, எடை, உயரம். முன்னாடி எலும்பு முறிஞ்சிருக்கா? ஆமா. பெத்தவங்க யாருக்காவது இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கா? அம்மா கொஞ்ச நேரம் பேசல. ஆயா 2009-ல வாசல்ல விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு, ரெண்டு வருஷம் படுக்கையிலயே இருந்து போனாங்க. ஆமா. சிகரெட்? சிரிச்சாங்க. ஸ்டீராய்டு? முடக்குவாதம்? குடி? இல்ல, இல்ல, இல்ல.

"நடக்கறதை எங்கடி கேக்கறாங்க?"

"கேக்கலம்மா."

"சாப்பாடு?"

"அதையும் கேக்கல."

பத்து வருஷம் அஞ்சரை மணிக்கு எழுந்தவங்களுக்கு ஒரு கட்டம் கூட இல்ல. நடை வீண்னு சொல்ல வரல. இதயத்துக்கு, சர்க்கரைக்கு, கால்ல பிடிமானத்துக்கு அது நல்லது. ஆனா எலும்பு அடர்த்தியில நடை மட்டும் செய்யற மாற்றம் சின்னது. நாம "ஆரோக்கியமான வாழ்க்கை"ன்னு சொல்ற பட்டியல் பெரும்பாலும் மாரடைப்பையும் சர்க்கரையையும் மனசுல வெச்சு எழுதினது. எண்ணெயைக் குறை, எடையைக் குறை. எலும்புக்கு ஒல்லியா இருக்கறது ஆபத்துக் கணக்குல சேரும். அம்மா பெருமையா குறைச்ச எட்டு கிலோவை ஃபிராக்ஸ் அவங்களுக்கு எதிராத்தான் எழுதிக்கிச்சு.

சாப்பாட்டுக்கு வர்றேன். இதுக்கு நீலகிரி ஏறணும். 1918-ல குன்னூர்ல பாஸ்டர் நிறுவனத்துல ஒரு சின்ன இடத்துல ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பத்தி ஆராய்ச்சியை ஆரம்பிச்சாரு. 1958-ல ஹைதராபாத்துக்குப் போய், இப்போ தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கறது அதுதான். 1920-கள்ல அவர் எலிகளுக்கு இந்தியாவோட ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்தாரு. கோதுமை ரொட்டி, பால், காய்னு சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் நல்லா வளர்ந்துச்சு. கடைசி இடங்கள்ல வந்தது அரிசியை நம்பின வங்காளி எலியும் மதராசி எலியும். இதைப் படிச்சப்போ எனக்கு ரோஷம் வந்துச்சு, ஒத்துக்கறேன். காலனி அதிகாரிகளோட "வீர இனம்" பேச்சுக்கு இந்த எலிகள் வசதியா இருந்திருக்கும். ஆனா அடுத்து வந்த வாலஸ் அய்க்ராய்டு காலத்து ஆய்வுகள்ல பிரச்சினை தெளிவாச்சு. தீட்டின அரிசிச் சாப்பாட்டுல இல்லாமப் போறதுல முக்கியமான ஒண்ணு கால்சியம். ஆடை நீக்கின பாலைச் சேர்த்துக் கொடுத்த குழந்தைங்க மத்த குழந்தைங்களை விட வளர்ந்தாங்க. 1937-ல அவர் போட்ட இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல்தான், திருத்தித் திருத்தி, இன்னிக்கு டயட்டீஷியன் கையில இருக்கிற பட்டியலுக்குத் தாத்தா.

அந்தப் பட்டியல் வழியில வந்த எண்கள்: 100 கிராம் கேழ்வரகுல 340-க்கு மேல மில்லிகிராம் கால்சியம். தீட்டின அரிசியில 10 கூட ஒழுங்கா வராது. ஆயா சின்ன வயசுல குடிச்சது கேழ்வரகுக் கூழ். ராத்திரியே கரைச்சுப் புளிக்க வெக்கறதுல, கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கற ஃபைட்டேட்டும் குறையும். ஆனா கூழ் குடிச்சாங்கன்னா ஏழைன்னு அர்த்தம். அரிசிச் சோறுங்கிறது மரியாதை. 1967-ல ரூபாய்க்கு ஒரு படி அரிசிங்கிறது ஏன் ஆட்சியையே மாத்தற வாக்குறுதியா இருந்துச்சுன்னு யோசிங்க. அந்த மரியாதையை நான் குறை சொல்ல மாட்டேன். தட்டுல கால்சியம் குறைஞ்சதை யாரும் சொல்லலைங்கிறது மட்டும்தான் என் வருத்தம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கால்சியம் 400 மில்லிகிராம்னு வெச்சிருந்துச்சு. 2010-ல அது 600 ஆச்சு. 2020-ல 1000. அம்மா வளர்ந்த காலத்து விதிப்படி சாப்பிட்டிருந்தாலும் இப்போதைய விதிப்படி ஃபெயில்.

வெயில்? சென்னையில வெயிலுக்குப் பஞ்சமான்னு எல்லாரும் கேப்பாங்க. வைட்டமின் டி உருவாக்கற புற ஊதாக் கதிர் சூரியன் உச்சியில இருக்கும்போதுதான் சரியா வரும். நம்ம அட்சரேகையிலயே இருக்கிற திருப்பதியில அளந்து பார்த்தப்போ, பகல் 11-லிருந்து 2 மணி வரைதான் நல்ல நேரம். அஞ்சரை மணி நடைக்கு அதுல பங்கு பூஜ்யம். அதே திருப்பதி வட்டாரத்துல 2007-ல வந்த ஆய்வு, ஆரோக்கியமா இருந்தவங்ககிட்டயே குறைஞ்ச கால்சியத்தையும் வைட்டமின் டி குறைபாட்டையும் பரவலா பார்த்துச்சு. 2008-ல வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்காரங்க வெளியிட்ட ஆய்வுல, மாதவிடாய் நின்ன, நடமாடிக்கிட்டு இருந்த 150 பெண்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு இடத்துல ஆஸ்டியோபோரோசிஸ். வேலூர்ல பாதிப் பேர் தப்பு பண்ணியிருக்க முடியாது இல்லையா?

எலும்பு ஒரு வைப்பு நிதிக் கணக்கு மாதிரி. பணம் போடற காலம் பெரும்பாலும் பத்து வயசுல இருந்து இருபதுக்குள்ள. முப்பதுக்கு மேல எடுக்கறது மட்டும்தான். 1980-ல அம்மாவுக்கு 12 வயசு. அந்த வருஷம் வீட்டுல என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன். ஒரு எருமை இருந்துச்சாம். பாலை விற்றது போக ஒரு டம்ளர் மிஞ்சும். "அது அண்ணனுக்கு. படிக்கிற புள்ளை இல்ல? எனக்கு வரக்காப்பி." அம்மாவும் படிக்கற புள்ளைதான். ஆயாவும் கெட்டவங்க இல்ல. அவங்க டம்ளர்ல அந்தக் காப்பி கூட இருந்திருக்காது.

இப்போ வைத்தியம் போகுது. வாரம் ஒரு மாத்திரை, பிஸ்பாஸ்பனேட் வகை. இதோட பூர்வீகம் செம வேடிக்கை. தண்ணிக் குழாய்ல சுண்ணாம்பு படியாம இருக்கக் கலக்கற பாஸ்பேட்டுகளோட நெருங்கின சொந்தம் அது. 1960-கள்ல சுவிட்சர்லாந்துல ஹெர்பர்ட் ஃப்ளைஷ், உடம்புலயும் அப்படி ஏதாவது வேலை செய்யுதான்னு தேடப் போய்க் கிடைச்சது. நம்ம போர் தண்ணி ஹீட்டர்ல படியற வெள்ளைக் கறையை நெனச்சுக்கோங்க. வெறும் வயித்துல ஒரு பெரிய டம்ளர் தண்ணியோட போட்டு, அரை மணி நேரம் படுக்காம, எதுவும் சாப்பிடாம இருக்கணும். ஞாயித்துக்கிழமை காலையில அந்த அரை மணி நேரம் காப்பி இல்லாத அம்மாகிட்ட யாரும் பேச முடியாது. வைட்டமின் டி தனி. வாரம் ரெண்டு நாள் ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த எடை தூக்கற பயிற்சி. முதல் நாள் ஒரு கிலோ டம்பெல்லைப் பார்த்து, "இதை விட தேங்காய் கனமா இருக்கும்"னாங்க.

எனக்கு 28. ஃபிராக்ஸ்ல அந்தப் பெத்தவங்க கட்டத்துல நான் என்ன போடுவேன்ங்கிறது இன்னும் தெரியல. அம்மாவுக்கு முறிஞ்சது மணிக்கட்டு, இடுப்பு இல்ல. அது அப்படியே இருக்கணும்னுதான் பாத்ரூம்ல கைப்பிடி வெச்சோம்.

போன ஞாயித்துக்கிழமை மாமா பார்க்க வந்திருந்தாரு, அந்த டம்ளர் பால் குடிச்சவர். இப்ப 59 வயசு. மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்து, "ஒழுங்கா பால் குடிச்சிருந்தா இப்படி ஆகுமா?"ன்னு கேட்டாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அம்மா சமையல்கட்டுல இருந்து சொன்னாங்க: "அண்ணே, உனக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். என் பாலும் சேர்த்துல்ல குடிச்சிருக்க, எவ்வளவு வருதுன்னு பார்ப்போம்."